திங்கட்கிழமை நடுக்கம்

கண்ணு,

நீ பஸ் ஏறிய மறுநாள் இதை எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டிலேயே வாயால் சொல்லியிருக்கலாம். உன் பெரியப்பா ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து உனக்கு இடம் பிடித்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்ட ஒரு ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உன் அம்மா கட்டுச்சோற்றுத் தூக்கு சாயுமா சாயாதா என்கிற கவலையில் இருந்தாள். எனக்கோ பஸ்ஸின் பின்னால் கரியடுப்பைச் சுற்றிக்கொண்டிருந்தவன் மேல் கண். யுத்தம் வந்து பெட்ரோல் போய், பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடும்படி ஆனது சரி. அந்தப் புகையை இஞ்சினுக்குள் விடுவதற்கு முன் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டாமா? அதை அவனிடம் சொல்லப் போனேன். அவனுக்கு விளங்க வைத்துவிட்டுத் திரும்பினால் பஸ் கிளம்பிவிட்டது. உன் கை மட்டும் தெரிந்தது. என் பொறுமையின் அளவு உனக்குத் தெரியும், அதனால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாய். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டது எனக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது.

டாக்டர் படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு வைத்தியத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரிந்தது ஆயில் இஞ்சின், பம்பு, கார். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். காலேஜுக்குப் போகுமுன்பே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். நீ பிறந்த சேதி எனக்கு ஹாஸ்டலில் வந்தது. அதனால் அப்பன் என்றால் எப்படிப் பேச வேண்டும் என்று நான் பழகவே இல்லை. உன்னோடு வேலை செய்கிற ஆளிடம் பேசுகிற மாதிரிதான் பேசியிருக்கிறேன். இப்போதும் அப்படியே பேசுகிறேன். ஒரு கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இனி உனக்கும் தொழில். எனக்கு அந்தத் தொழிலைப் புத்தகம் பாதி சொல்லிக்கொடுத்தது. மீதியை நம் மரச்சக்கரக் காரும், நீயும், உன் அம்மாவும் சொல்லிக்கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். நடந்ததை நீ ஒரு பக்கமிருந்து பார்த்தாய். என் பக்கத்தையும் கேள்.

அந்தக் காரை நான் வாங்கியது உன் படிப்புக்காக. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்ததும் உன்னைச் சேலத்தில் ஹாஸ்டலில் சேர்க்கிறேன் என்றபோது பெரியப்பா முடியாது என்று சொல்லவில்லை. அவர்தான் குடும்பத்துக்குத் தலைவர், நிலம் பிரிக்கவில்லை, அவர் சொன்னால் சொன்னதுதான். "படிக்கட்டும். ஆனா வாராவாரம் புள்ள ஊட்டுக்கு வரோணும். கண்டவனோட பஸ்ஸுல இடிச்சுக்கிட்டு வாரதுக்கு உடமாட்டேன்" என்றார். அதனால் ஏற்காட்டில் காபித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போகிற ஒரு துரையிடம் அந்தச் சின்னக் காரை வாங்கினேன். நம்மிடம் வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. சக்கரம் மரம். மாட்டு வண்டி மாதிரியே நடுவிலுள்ள குடத்திலிருந்து ஆரக்கால் புறப்பட்டு மர வட்டையில் போய்ச் சேரும். அதைச் சுற்றி இரும்பு விளிம்பு, அதன்மேல் ரப்பர் டயர். எருமப்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்று பெரியப்பா சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, நம்ம கட்டைவண்டிச் சக்கரத்தையே களவாண்டு மாட்டி உன்ர தலைல கட்டீட்டானா அந்தத் தொரை?" ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கார் ஓடியது. வெள்ளிக்கிழமை மாலை உன்னைக் கூட்டி வருவேன், திங்கட்கிழமை விடிந்ததும் கொண்டுபோய் விடுவேன். நடுவில் இருக்கிற நாளெல்லாம் அதையே எடுத்துக்கொண்டு பம்பு வேலைக்குத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவேன்.

முதல் வருஷம் ஐப்பசி, கார்த்திகை, தை எல்லாம் ஒரு குறையும் இல்லை. மாசியில் ஆரம்பித்தது. நாமக்கல் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, ரோடு நேராகக் கிடக்கிற இடத்தில் வேகத்தைக் கூட்டினேன். முப்பது மைல் வரைக்கும் எண்ணெயில் போகிற மாதிரிப் போனது. முப்பத்தைந்தைத் தொட்டதும் கையிலிருந்த ஸ்டீயரிங் சக்கரம் துள்ள ஆரம்பித்தது. முன் விளக்கு ஆடுகிறது, கதவு ஆடுகிறது, சீட்டுக்கு அடியில் ஸ்பானர்கள் தாளம் போடுகின்றன. பின்சீட்டிலிருந்து நீ "ஆ..." என்று வாயைத் திறந்து, உன் குரல் துண்டு துண்டாக வருவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். வேகத்தைக் குறைத்தால் நின்றுபோனது. கூட்டினால் மறுபடியும் வந்தது.

இது ஏன் ஒரு வேகத்தில் மட்டும் வருகிறது என்று நீ அப்போது கேட்டாய். நான் "தொணதொணக்காதே" என்றேன். இப்போது சொல்கிறேன். ஆடிப் பதினெட்டுக்குப் புளியமரத்தில் தூரி கட்டி ஆடுவீர்களே, தூரி திரும்பி வருகிற நேரம் பார்த்துத் தள்ளினால்தானே உயரப் போகும்? நேரம் தவறித் தள்ளினால் அடங்கிவிடும். சக்கரத்தில் ஒரு பக்கம் கனம் கூடியிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது காரை ஒரு தள்ளுத் தள்ளும். மெதுவாகப் போகும்போது அந்தத் தள்ளு காருக்கு உறைக்காது. முன் அச்சும், காரைத் தாங்குகிற வில்லும் தாமாக ஆடுகிற தாளம் ஒன்று உண்டு. சக்கரம் தள்ளுகிற தாளம் அதோடு ஒத்துப்போகிற வேகத்தில் தூரி உயரப் போகிறது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்தும் நான் செய்ததைப் பார்.

அந்த வாரமே முன் டயர்களைக் கழற்றிப் பின்னால் போட்டேன், பின் டயர்களை முன்னால். புதன்கிழமை புதுச்சத்திரம் ரோட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டினேன். நாற்பது மைல், ஒரு அசைவு இல்லை. டயர்தான் என்று முடிவு கட்டினேன். திங்கட்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் அதே நடுக்கம். சரி, டயர் இல்லை, முன் சக்கரம் திரும்புகிற ஊசிகள் தேய்ந்திருக்க வேண்டும் என்று சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டுப் புது ஊசி போட்டேன். நடுவாரத்தில் ஓட்டிப் பார்த்தேன், கப்பல் மாதிரிப் போனது. திங்கட்கிழமை நடுக்கம். பட்டறை மேஸ்திரியிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சார், வண்டி நல்லாத்தானே ஓடுது? உங்களுக்குத்தான் கை நடுங்குதோ என்னமோ" என்றார். வில்லின் போல்ட்டுகளை மாற்றினேன். பின் அச்சுக்குப் போகிற தண்டைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொன்றும் நடுவாரத்தில் குணமானது, ஒவ்வொன்றும் திங்கட்கிழமை திரும்பி வந்தது.

கடைசியில் நான் உன் பெட்டி மேல் பழி போட்டேன். திங்கட்கிழமை மட்டும் வண்டியில் இருப்பது எது? நீ, உன் தகரப் பெட்டி, அம்மா கொடுத்தனுப்புகிற முறுக்குத் தூக்கு. கனம் பின்னால் ஏறினால் முன் சக்கரம் இலேசாகிறது, அதனால் ஆடுகிறது என்று காகிதத்தில் கணக்கே போட்டுவிட்டேன். உன் பெட்டியைப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டு, துணியை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பையோடு ஹாஸ்டலில் இறங்கிய அன்று மற்ற பிள்ளைகள் உன்னை என்ன சொன்னார்கள் என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். பெட்டி இல்லாமலும் கார் ஆடியது. மறுவாரமே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, சேலத்தில் ஏதோ வேலை என்று பெரியப்பாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். நான் நடுக்கம் வராத வேகத்தில் போயிருக்கலாம். ஆனால் முந்தின வாரம்தான் வில்லுக்கு மறுபடியும் புது போல்ட் போட்டிருந்தேன், குணமாகிவிட்டது என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. புதுச்சத்திரம் தாண்டி நேர்ரோடு வந்ததும் முடுக்கினேன். பெரியப்பா அப்போதுதான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்தில் கார் உதறியது. சுண்ணாம்பு அவர் மீசையில் பாதி, கண்ணாடியில் பாதி. பாக்கு முழுவதும் என் கழுத்துக்குள். "நிறுத்துறா!" என்று கத்தினார். நிறுத்தினேன். இறங்கி, ரோட்டோரம் நின்று, மீசையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னார். நிதானமாகச் சொன்னதுதான் எனக்குப் பயம்.

"தம்பி, இதுல உன்னைய ஏத்திக்கோ, நான் கேக்கல. புள்ளைய ஏத்தாத."

"சரி பண்ணீட்டேனுங்ணா, இன்னும் ஏதோ ஒண்ணு..."

"மாசியில இருந்து சரி பண்ணீட்டுத்தான் இருக்கற. அடுத்த திங்கக்கெழமை நானும் வாரேன். அன்னைக்கும் இப்பிடி ஆடுச்சுன்னா, புள்ளையோட பொட்டி படுக்கைய எடுத்துக்கிட்டு அதே வண்டீல, மொள்ளமா, ஊட்டுக்குத் திருப்பீரு. படிச்ச வரைக்கும் போதும். உன்ர அக்கா மவனுக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கறாங்க."

நீ பின்சீட்டில் இருந்தாய். எல்லாம் உன் காதில் விழுந்தது. அழவில்லை. மல்லூர் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். உனக்குப் பதின்மூன்று வயது.

அந்த வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது நேர்ரோட்டில் நீயே கேட்டாய்: "இப்ப வேகமாப் போங்கப்பா." எனக்கு எரிச்சல். ஏற்கெனவே மண்டை காய்ந்து கிடக்கிறேன். இருந்தாலும் முடுக்கினேன். முப்பத்தைந்து, நாற்பது. ஒன்றும் இல்லை. உன் பெட்டியும் வண்டியில்தான் இருந்தது.

"பாத்தீங்களா? வரும்போது ஆட மாட்டேங்குது. எப்பவுமே வெள்ளிக்கெழமை ஆடாது. போகும்போதுதான் ஆடும்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. பொட்டியத்தான் கேட்டீங்க."

அந்த இடத்தில் காரை நிறுத்தி உன்னிடம் சபாஷ் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தலையில் வேறு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆடாததையெல்லாம் அதுவரைக்கும் என் ரிப்பேரின் பலன் என்றே கணக்கு வைத்திருந்தேன். அதே ரோடு, அதே ஆட்கள், அதே பெட்டி. வெள்ளிக்கிழமை இல்லாதது திங்கட்கிழமை எப்படி வருகிறது? அப்படியானால் நான் தேட வேண்டிய இடம் ரோட்டிலும் இல்லை, பட்டறையிலும் இல்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில், நம் வீட்டு வாசலுக்குள்தான் இருக்கிறது. நான் நடுவாரத்தில் ஓட்டிப் பார்த்ததெல்லாம் காய்ச்சல் இறங்கிய நேரத்தில் நாடி பிடித்த கதை. இதை உன் நோட்டில் எங்காவது எழுதி வைத்துக்கொள். ஒருத்தி வயிற்று வலி என்று வந்து, உன் முன்னால் உட்காரும்போது வலி இல்லை என்றால், மருந்து கேட்டது என்று உடனே மார் தட்டாதே. வலி எப்போது வருகிறது என்று கேள். வலி வராமல் இருப்பது எப்போது என்றும் கேள். நான் இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஜாக்கி வைத்து முன் அச்சைத் தூக்கினேன். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. எந்தப் பக்கமும் கனம் இல்லை என்று அர்த்தம். பிறகு, ஒரு தோட்டத்தில் பம்பு மக்கர் செய்கிறது என்று சைக்கிளில் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரைத் தேடினால் கொட்டகையில் இல்லை. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாசியிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் அது தென்னை மரத்தடியில், நம் பம்புத் தண்ணீர் வண்டிப் பாதையைக் கடந்து ஓடுகிற வாய்க்காலில்தான் நிற்கும். அதை நான் பார்க்காமல் இல்லை. கண்ணு, இதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சைச் சுடுகிறது. ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். உன் அம்மா பண்ணையாட்களை விட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். திங்கட்கிழமை கார் பளபளவென்று நிற்பதைப் பார்த்து அவளை ஒரு முறை மெச்சியும் இருக்கிறேன். ஒரு சின்னக் காரைக் கழுவ ஒன்றரை நாள் ஆகுமா என்று கேட்க, படித்த புத்திக்குத் தோன்றவில்லை.

அன்று தோன்றியது. ஆட்களைக் கூப்பிட்டுக் காரை மேட்டுக்குத் தள்ளி, ஜாக்கி வைத்தேன். சக்கரத்தின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு கறுத்து ஊறியிருந்தது. சுற்றிவிட்டேன். இரண்டு சுற்று சுற்றி, ஆடி அசைந்து, கறுத்த பக்கம் கீழே வந்து நின்றது. மறுபடியும் சுற்றினேன். மறுபடியும் அதே பக்கம் கீழே. இரும்பு விளிம்புக்கு உள்ளே விரலை விட்டால், அந்தப் பக்கம் மட்டும் வண்டல் பிட்டு மாதிரி அப்பிக் கிடக்கிறது. அடுத்த சக்கரமும் அப்படியே. திங்கட்கிழமை ஓட்டத்திலும் வெயிலிலும் அது காய்ந்து உதிர்ந்துவிடும், அதனால்தான் நடுவாரத்தில் ஆடவில்லை. நீ தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். நான் போட்ட கூச்சலில் உன் அம்மா தயிர் கடைந்த கையோடு ஓடி வந்தாள்.

"ஆரு இந்த வண்டியத் தண்ணிக்குள்ள உட்டது?"

"நாந்தானுங்க உடச் சொன்னேன். ஏனுங்க?"

"ஏனா? எதுக்கு உட்ட?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பம்புக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை.

"மாசி பங்குனில மரச்சக்கரத்த ஊறப் போடாம ஆருங்க ரோட்டுக்கு எடுப்பாங்க? காஞ்சா மரம் சுருங்கிப் போயி இரும்புப் பட்டா களண்டுக்குமல்லொ? வெண்ணந்தூர்ல எங்கப்பன் ஊட்டுல சந்தைக்கு வண்டி போறதுக்கு மொதநாளே வாய்க்கால்ல உட்டுருவாங்க. நம்ம புள்ள ஏறிப் போற வண்டி, சும்மா உட்டுருவனா?"

"இது மாட்டு வண்டியா? இது மோட்டார்! ஒரு பக்கம் மட்டும் ஊறி, சேறு ஏறி, அதனாலதான்டி ஆடுது! இத்தன நாளா நான் எத்தன பேரைத் திட்டியிருக்கேன் தெரியுமா?"

"மாட்டு வண்டி ஆடறதில்லீங்களே?"

"மாடு முப்பத்தஞ்சு மைல் வேகத்துல ஓடாது!"

நீ களுக்கென்று சிரித்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில், இனி இந்தக் கார் சக்கரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று சொன்னேன். இத்தோடு விட்டிருந்தால் நான் கெட்டிருப்பேன். உன் அம்மா குனிந்து, ஊறாமல் மேலே இருந்த ஆரக்கால்களில் ஒன்றைப் பிடித்து ஆட்டினாள். கடக் கடக் என்றது. அடுத்ததையும் ஆட்டினாள். அதுவும் கடக் கடக். பிறகு கீழே ஊறியிருந்த ஆரக்காலைப் பிடித்தாள். அசையவில்லை, அம்மிக்கல் மாதிரி இருந்தது. "இந்தக் கடகடப்போட நாப்பது மைல் போங்க, சக்கரம் ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீங்க" என்றாள்.

நானும் ஆட்டிப் பார்த்தேன். உண்மை. ஏற்காட்டுக் குளிரில் இருந்த மரம் நம் ஊர் வெயிலுக்கு வந்ததும் வற்றிவிட்டது. அவள் வாராவாரம் ஊறப் போடாமல் இருந்திருந்தால், ஏதோ ஒரு திங்கட்கிழமை, உன்னை வைத்துக்கொண்டு நான் ஓட்டிய வேகத்தில், அந்தச் சக்கரம் பிரிந்திருக்கும். நடுக்கத்தைக் கொடுத்ததும் அவள்தான், அதுவரைக்கும் உன் உயிரையும் என் உயிரையும் பிடித்து வைத்திருந்ததும் அவள்தான். வாய்க்காலில் நிறுத்துவதை நிறுத்தச் சொன்ன நான், பெரிய ஆபத்தை இழுத்து வரப் பார்த்தேன். ஒரு வீட்டுக்குள் போய், இவர்கள் செய்கிற இந்த வழக்கத்தால்தான் சீக்கு என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த வழக்கத்தை உடனே வெட்டி எறியாதே. எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் கத்தியை எடு.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வழி கண்டுபிடித்தோம். நான்கு சக்கரத்தையும் கழற்றினோம். டயரை எடுத்துவிட்டு விளிம்புக்குள் இருந்த வண்டலை நீ தேங்காய் ஓட்டால் சுரண்டினாய். சக்கரங்களை நிற்க வைக்காமல், வாய்க்காலில் கல் வைத்துப் படுக்கப் போட்டோம். முழுச் சக்கரமும் ஒரே சீராக மூழ்க வேண்டும், சேறு படியக்கூடாது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும் என்றேன். "தோசையா?" என்றாள் உன் அம்மா. பொழுது சாய எடுத்து, துடைத்து, நிழலில் சாய்த்து வைத்தோம். மாட்டியதும் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. ஆரக்காலை ஆட்டினேன். அசையவில்லை.

திங்கட்கிழமை பெரியப்பா முன்சீட்டில் ஏறினார். உன் பெட்டி, படுக்கை, முறுக்குத் தூக்கு எல்லாம் ஏறியது. உன் அம்மா வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை, வாய்க்கால் பக்கம் நின்றுகொண்டாள். புதுச்சத்திரம் தாண்டி நேர்ரோடு வந்ததும், பெரியப்பா வேண்டுமென்றே வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நான் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். நீ இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முப்பது. முப்பத்தைந்து. பெரியப்பா வெற்றிலையைத் தொடையில் துடைத்தார். நாற்பது. சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து, நரம்பு பார்த்துத் தடவினார். மடித்தார். வாயில் போட்டார். கொஞ்ச தூரம் மென்றுகொண்டே வந்தார்.

"ஏன்டா, எருமை பூட்டுனாப்ல போற? புள்ளைக்குப் பள்ளிக்கோடத்துக்கு நேரமாவுதல்லொ? முடுக்கு" என்றார்.

பின்சீட்டிலிருந்து "ஆ..." என்று நீ குரல் கொடுத்தாய். குரல் நடுங்கவில்லை. நேராக வந்தது. பெரியப்பா திரும்பி, "என்ன சாமி, பல்லு வலிக்குதா?" என்று கேட்டார்.

இவ்வளவுதான் கதை. அதற்கப்புறம் நீ பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, இப்போது சென்னைக்கே போய்விட்டாய். கண்டவனோடு பஸ்ஸில் விடமாட்டேன் என்ற மனுஷன்தான் நேற்று துண்டு எறிந்து உனக்கு இடம் பிடித்தார். பஸ் போன பிறகு, கரிப்புகையில் கண் எரிகிறது என்று சொல்லி அதே துண்டால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டார். அவர் மேல் உனக்கு மனஸ்தாபம் இருந்தால் விட்டுவிடு. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பிள்ளை பத்திரமாகப் போக வேண்டும் என்பது. அதை அவர் நெருக்கிக் கேட்டிருக்காவிட்டால், நான் இன்னும் போல்ட் மாற்றிக்கொண்டே இருந்திருப்பேன். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியவன். சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். உன்னிடம் சொல்லி வைக்கிறேன்.

உனக்குக் கொடுப்பதற்கு என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. நீ என்னைவிடப் பொறுமைசாலி, அது உன் அம்மா வழி. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசும்போது, பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பிள்ளை, ஒரு வேலைக்காரி, நோயாளியின் தங்கச்சி, யாராவது ஒரு ஓரத்தில் இருப்பார்கள். அவர்களிடம் திரும்பி, "நீ என்ன பாத்தே?" என்று கேள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். உன்னைக் கேட்காமல் நான் மாசியும் பங்குனியும் வீணாக்கினேன். நீயே வாயைத் திறந்ததால் பிழைத்தேன். அன்றைக்குச் சொல்லாத சபாஷை இன்றைக்குச் சொல்கிறேன், வாங்கிக்கொள்.

காரைப் பற்றிக் கேட்பாய். பெட்ரோலும் இல்லை, புது டயரும் இல்லை. கொட்டகையில் செங்கல் மேல் நிற்கிறது. எப்போது இறங்கும் என்று தெரியாது. நேற்று உன்னை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, நான் அப்படியே கட்டிலில் விழுந்துவிட்டேன். உன் அம்மாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால், வாய்க்காலில் நான்கு சக்கரமும் கல் மேல் படுத்துக் கிடக்கின்றன. ஓடாத வண்டிக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"புள்ள லீவுக்கு வாரப்ப பெட்ரோல் கெடச்சுதுன்னா?" என்றாள். "சேலம் ரயிலடிக்குப் போயிக் கூட்டியாரோணுமல்லொ. அப்ப வந்து சக்கரம் கடகடங்குதுன்னு என்னையத்தான் கத்துவீங்க."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இன்றைக்கும் அவை வாய்க்காலில்தான் இருக்கின்றன. அவள் குரல் கொடுக்கிறாள், புரட்டிப் போடுகிற நேரம் ஆகிவிட்டதாம். வருகிறேன் சாமி, அவள் தனியாகத் தூக்கிவிடப் போகிறாள்.

உன் அப்பா